தம்ளரில் ஊறிய விசில்

கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருடைய மனைவி. இன்னொருவர் அவருடைய முழங்காலைப் படமெடுத்த எக்ஸ்ரேக்காரர். மற்ற எல்லாருக்கும் அவர் விசில்காரர்தான். வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் பழுது பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கால்பந்து நடுவராக நிற்பார். இரண்டு வேலைக்கும் அதே பித்தளை விசில்.

லிஃப்ட் வேலைக்கு எதற்கு விசில் என்று கேட்பவர்களுக்கு, கூட வேலை செய்யும் எடைக்கல் பதில் சொல்வார். லிஃப்ட் கூண்டுக்குச் சமமாக மறுபக்கம் தொங்குமே ஒரு இரும்புப் பாரம், அதைப் போன்ற உடம்பு என்பதால் அவருக்கு அந்தப் பெயர். "கீழ குழிக்குள்ள போயிட்டா போன் எடுக்காது. நான் மேல மெஷின் ரூம்ல இருப்பேன். கத்தினா எனக்குக் கேக்காது, கேட்டாலும் புரியாது. அதான் இந்த ஏற்பாடு. ஒரு விசில்னா நிறுத்து. ரெண்டுன்னா இறக்கு. மூணுன்னா ஏத்து. நாலு விசில் அடிச்சா டீ வாங்கிட்டு வான்னு அர்த்தம். அது மட்டும் எனக்கு எப்பவுமே கேக்காது."

இருபத்திரண்டு வயதில் விசில்காரரும் ஆடியவர்தான். காற்றாய் ஓடுவார் என்று சொல்வார்கள். ஒரு நாள், பந்து போய்விட்டது, ஆட்டமும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒருவன் ஓடி வந்து அவருடைய முழங்காலில் உதைத்தான். அந்தச் சத்தத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. உதைத்தவனுக்கு இரண்டு ஆட்டங்கள் தடை. அவன் மருத்துவமனைக்கு ஒரு கூடை பழத்தோடு வந்து கை குலுக்கிவிட்டுப் போனான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "விளையாட்டுல இதெல்லாம் சகஜம்பா."

அந்தச் "சகஜம்" என்ற சொல் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. தெருவில் ஒருவன் காலை உடைத்தால் குற்றம். கோடு போட்ட புல்லுக்குள் உடைத்தால் சகஜம். இது என்ன கணக்கு? ஆட முடியாத காலோடு அவர் அந்த வருடமே பித்தளை விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இருபத்தேழு வருடங்கள் ஓடிவிட்டன. மழை வரப்போகிறது என்றால் வானிலை அறிக்கைக்கு முன்னால் அந்த முழங்கால் சொல்லிவிடும்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்ததும் அவர் கையால் எழுதிக்கொண்டு வரும் அறிக்கையை, நகலெடுக்கும் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி திங்கட்கிழமை டைப் செய்து லீக் அலுவலகத்துக்கு அனுப்புவார். கணவரின் கோபம் எத்தனை டிகிரி என்பது அவர் எழுத்தின் சாய்விலேயே அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை எழுத்து படுத்தே கிடந்தது.

நடந்தது இதுதான். அரையிறுதி ஆட்டம். தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பார்வையாளர்கள் பத்துப் பதினைந்து பேர் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். தகரத்தில் விழுந்த மழை ஆயிரம் தட்டுகளை ஒரே நேரத்தில் கொட்டியதுபோல் இரைந்தது. ஆட்டத்தை நிறுத்தலாமா என்று விசில்காரர் யோசித்துக்கொண்டே நாற்பது நிமிடங்கள் ஓடிவிட்டன.

அப்போதுதான் முடிதிருத்துகிறவன் பின்னாலிருந்து வந்த பந்தை வாங்கிக்கொண்டு சிட்டாகப் பறந்தான். கடைத்தெருவில் தன் அக்காவோடு சேர்ந்து முடிதிருத்தும் கடை நடத்துகிற இளைஞன் அவன். அவன் பின்னால் துரத்தினான் எதிரணியின் தடுப்பாட்டக்காரன். அவனைத் தாண்டி ஒருவரும் போக முடியாது என்பதால் எல்லாரும் அவனைக் கதவு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கோட்டோரத்து லைன்ஸ்மேன், ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கினார். விசில்காரர் விசிலை வாயில் வைத்து ஊதினார், கையை உயர்த்தினார். முடிதிருத்துகிறவன் நின்றான். மூன்று எட்டு பின்னால் வந்த கதவு நிற்கவில்லை. ஈரப் புல்லில் இரண்டு காலையும் நீட்டிச் சறுக்கிக்கொண்டு வந்து மோதினான்.

அந்தச் சத்தம். இருபத்தேழு வருடம் கழித்து விசில்காரர் அதே சத்தத்தை மறுபடி கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் மூச்சு முட்ட முட்ட விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். மழையைக் கிழித்துக்கொண்டு கேட்ட அந்த விசிலைத் தகரக் கூரைக்குக் கீழே இருந்தவர்களும் கேட்டார்கள். முடிதிருத்துகிறவனின் முழங்காலுக்குக் கீழே கால், போகக்கூடாத பக்கம் போயிருந்தது.

"'விசில் ஊதப்பட்ட பின், ஆட்டம் நின்றுவிட்ட நிலையில், வேண்டுமென்றே தாக்கினார். இது ஆட்டம் அல்ல. இது அடிதடி.'" அந்தத் திங்கட்கிழமை, டைப் செய்த வரியை மனைவி உரக்கப் படித்தார். "ஏங்க, இத அப்படியே அனுப்பட்டுமா? 'வேண்டுமென்றே'ங்கறது பெரிய வார்த்தைங்க."

"அனுப்பு."

"அவன் மனசுக்குள்ள போய்ப் பாத்தீங்களா?"

"அவன் நீட்டின காலைப் பாத்தேன். அது போதும்."

லீக் அலுவலகத்தில் கிடந்து தூசி படிய வேண்டிய அந்தத் தாள், இந்த முறை அங்கே நிற்கவில்லை. முடிதிருத்துகிறவனின் அக்கா அதன் நகலை வாங்கிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். அப்பா அம்மா இல்லாத தம்பியைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவர் அந்தப் பெண். தன் கல்யாணப் பேச்சை எல்லாம் ஒத்திப் போட்டு, அவன் கையில் கத்திரிக்கோலைக் கொடுத்து, பக்கத்தில் நின்று தொழில் கற்றுக்கொடுத்தவர். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. அந்தக் காலைத்தான் கதவு உடைத்துவிட்டான்.

காவல் நிலையத்தில் எழுத்தர், "விளையாட்டுல நடந்ததுக்கெல்லாம் கேஸ் போட்டா எங்க போய் முடியும்மா" என்றாராம். அக்கா அறிக்கையை மேசையில் வைத்து அந்த வரியைச் சுட்டிக் காட்டினாராம். "இதுல நடுவரே எழுதியிருக்காரு, ஆட்டம் நின்னு போச்சுன்னு. அப்புறம் எந்த விளையாட்டு சார்? நின்னுட்டு இருந்த ஆளை அடிச்சா அதுக்கு என்ன பேரு?"

 வழக்குப் பதிவாயிற்று. லைன்ஸ்மேனைக் கேட்டார்கள், விசில் ஊதினார் என்றார். படுக்கையில் கிடந்த முடிதிருத்துகிறவனைக் கேட்டார்கள். நடுவர் ஊதினதும் நின்றேன் என்றான். கதவை மட்டும் பாதிதான் கேட்டார்கள்.

வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால், பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனை யார் கொடுப்பார்கள்? தீர்ப்பு வரும்வரை வர வேண்டாம் என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. குற்றம் என்று தீர்ப்பானால் சிறை. சிறை இல்லாவிட்டாலும் எந்தப் பள்ளிக்கூடமும் அவனை வாசலில் சேர்க்காது. கதவுக்கு ஸ்டியரிங் தவிர வேறு தொழில் தெரியாது. வீட்டில் கைக்குழந்தை.

ஒரு நாள் காலையில், ஒரு அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் விசில்காரர் லிஃப்ட் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவன் வந்து நின்றான். கையில் வேன் சாவி மாட்டும் வளையம். சாவி இல்லாத வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"சார், எனக்கு விசில் கேக்கலைங்க."

"எல்லாரும் சொல்றதுதான்."

"சத்தியமா கேக்கல. நான் ஒரு முரடன்தான், ஒத்துக்கறேன். பந்தை எடுக்கத்தான் காலைப் போட்டேன். விசில் சத்தம் வந்தப்ப அவரு ஏற்கெனவே கீழ கிடந்தாரு."

விசில்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "என் கால்ல உதைச்சவனும் இதையேதான் சொன்னான். வார்த்தை மாறாம. போப்பா, கோர்ட்ல பேசிக்கோ."

அவன் போய்விட்டான். அந்த வளையத்தின் கிணுகிணுப்பு மட்டும் மாடிப்படி வரை கேட்டது. விசில்காரருக்கு மனத்தில் ஒரு திருப்தி. இருபத்தேழு வருடக் கடன் இப்போதாவது தீர்கிறதே என்ற திருப்தி. மனிதனுக்கு வருகிற திருப்திகளிலேயே ஆபத்தானது அது என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

விசாரணைக்கு நான்கு நாள் இருந்தது. ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் மழைத் தண்ணீர் கசிந்து நிற்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். விசில்காரர் கீழே இறங்கினார். கணுக்கால் அளவு தண்ணீர். குந்தி உட்கார்ந்து, அடைப்பை நோண்டி, தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே கொடுத்தார். குனிந்திருந்த நேரமெல்லாம் கழுத்திலிருந்த விசில் தண்ணீருக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. முக்கால் மணி நேரம்.

வேலை முடிந்ததும் கூண்டு ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் பார்க்க வேண்டியிருந்தது. கையில் ஸ்பேனர் இருந்ததால் விசிலை எடுக்காமல், அந்தத் தண்டவாளத்திலேயே இரண்டு தட்டு தட்டினார். எடைக்கல் புரிந்துகொண்டு கூண்டை மெல்ல இறக்கினார். தலைக்கு மேல் இருள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. போதும் என்ற இடத்தில் விசில்காரர் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார்.

கூண்டு நிற்கவில்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அது அரை நொடிதான். பிறகு கை தானாகச் சுவருக்குப் போய் அங்கிருந்த சிவப்புப் பொத்தானை அறைந்தது. தலைக்கு ஒரு முழம் மேலே கூண்டு குலுங்கி நின்றது.

அவர் வெளியே ஏறி வந்தபோது எடைக்கல் மூன்று மாடி இறங்கி மூச்சிரைக்க நின்றிருந்தார்.

"யோவ், என்னைக் கொல்லப் பாத்தியா? நிறுத்துன்னு ஊதினேனே, காது என்ன அடமானத்துல இருக்கா?"

"நீ எங்க ஊதின?"

"ஊதினேன்யா."

"ஊதல. நான் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறேன். ஒண்ணும் வரல." எடைக்கல்லின் முகத்தில் ஈயாடவில்லை. விளையாட்டுப் பேச்செல்லாம் எங்கோ போயிருந்தது. "எங்க, இப்ப ஊது பாப்போம்."

விசில்காரர் ஊதினார். உஸ் என்று காற்று வந்தது. மறுபடி ஊதினார். அதே உஸ். விசிலுக்குள் உருள வேண்டிய தக்கை உருண்டை, தண்ணீர் குடித்து ஊதிப்போய், ஒரு மூலையில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாம் முறை கன்னம் புடைக்க ஊதினார். உருண்டை விடுபட்டது. விசில் வீறிட்டது. நாலு மாடிக் கதவுகள் திறந்தன.

"பாத்தியா," என்றார் எடைக்கல். "நீ ஊதினது உனக்குக் கேட்டிருக்கு. எனக்குக் கேக்கல."

விசில்காரர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தேழு வருடமாக விசில் ஊதுகிறவனுக்கு, விசில் வாய்க்குப் போனாலே சத்தம் மனதுக்குள் கேட்டுவிடும். அது வெளியே வந்ததா இல்லையா என்று காது சோதித்துப் பார்ப்பதில்லை. இன்று குழிக்குள் அவர் சத்தியம் செய்து சொல்லியிருப்பார், ஊதினேன் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தானே எழுதிக்கொடுத்தார்? நாற்பது நிமிட மழை. ஊறிய விசில். லைன்ஸ்மேன் பார்த்தது வாயில் வைத்ததை. முடிதிருத்துகிறவன் திரும்பிப் பார்த்தது உயர்த்திய கையை. கதவுக்கு முதுகில் கண் இல்லை. அவனுக்கு இருந்தது காது மட்டும்.

'விசில் சத்தம் வந்தப்ப அவரு ஏற்கெனவே கீழ கிடந்தாரு.'

 சாவியில்லாத அந்த வளையத்தின் கிணுகிணுப்பு காதுக்குள்ளேயே கேட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முழுதாகக் கேட்டார்.

"இதைச் சொன்னா உங்க விசிலைப் பிடுங்கிடுவாங்க."

"தெரியும்."

"அந்தப் பொண்ணு உங்களைச் சும்மா விடாது."

"தெரியும்."

"தெரிஞ்சா அப்புறம் ஏன் என் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கறீங்க? போய்ச் சட்டையை மாத்திட்டு முதல்ல அந்தப் பொண்ணுகிட்டப் போங்க. கோர்ட்ல வெச்சு அவளுக்கு அதிர்ச்சி குடுக்காதீங்க. அது தப்பு." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "நான் டைப் பண்ணினதுதானே அது. எனக்கும் அதுல பங்கு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் சாப்பிடாமலே கிளம்பினார்.

முடிதிருத்தும் கடையில் இரண்டு சுழல் நாற்காலிகள். ஒன்றில் தம்பி காலைக் கட்டோடு நீட்டி உட்கார்ந்திருந்தான். அக்கா ஒரு பெரியவரின் கழுத்தில் துணியைக் கட்டி முடி வெட்டிக்கொண்டிருந்தார். விசில்காரரைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் அவருக்கு ஓடிவிடலாம் போல் இருந்தது.

"வாங்க அண்ணே. உங்களை மாதிரி ஒருத்தர் எழுதிக் குடுத்ததாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மழை, தக்கை உருண்டை, குழி, கூண்டு. சொல்லச் சொல்ல கத்திரிக்கோலின் சத்தம் மெதுவாகி, பிறகு நின்றுவிட்டது. கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. முடி வெட்டிக்கொள்ள வந்த பெரியவர் பாதித் தலையோடு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப என் தம்பி கால் உடைஞ்சது பொய்யா?"

"இல்லம்மா. அது நிஜம். அவன் போட்டது முரட்டு ஆட்டம், அதுவும் நிஜம். ஆனா ஆட்டம் நின்னு போச்சுன்னு அவனுக்குத் தெரியாது. அதை நான்தான் தெரியற மாதிரி செய்யல."

"நல்லா இருக்குண்ணே." அந்தப் பெண்ணின் குரல் உடையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உங்க முட்டி உடைஞ்சதுக்கு யாரும் கேக்கலைன்னு உங்களுக்கு ஒரு ஆத்திரம். அதை என் தம்பி காலை வெச்சுத் தீத்துக்கப் பாத்தீங்க. இப்ப உங்க மனசாட்சி உறுத்துதுன்னு அதையும் பிடுங்கிட்டுப் போறீங்க. எங்களுக்குன்னு மிச்சம் என்ன வெச்சீங்க?"

 தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கீழே வெட்டிய முடி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது நாற்காலியிலிருந்து தம்பி, "அக்கா," என்றான்.

"நீ பேசாத."

"ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன்."

"பேசாதன்னு சொன்னேன்ல. நீங்க போங்கண்ணே. கோர்ட்ல என்ன சொல்லணுமோ சொல்லுங்க."

அவர் வெளியே வந்தபோது பின்னால் பெரியவர் பயந்த குரலில், "அம்மா, மீதித் தலை?" என்று கேட்டது காதில் விழுந்தது.

விசாரணை நாள். நீதிமன்றம் என்றதும் பெரிய மண்டபமாக நினைக்க வேண்டாம். ஒரு நீள அறை, நான்கு பெஞ்சுகள், சுழலும்போது முனகும் ஒரு மின்விசிறி. மேடையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் நீதிபதி. அவர் மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர். ஒரு பக்கத்தில் கதவு, மனைவி, குழந்தை. மறுபக்கம் ஊன்றுகோலோடு முடிதிருத்துகிறவன், அவன் அக்கா. நடுவில் விசில்காரர். அவர் வாழ்க்கையில் எப்போதும் நின்ற இடம்தான். 

அவர் தன் தவறைச் சொல்லி முடித்ததும் அரசு வக்கீல் எழுந்தார். "எழுதிக் கொடுத்தது ஒன்று, இப்போது சொல்வது ஒன்று. இவரை யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும்" என்றார். கதவின் மனைவி குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "விசில் இருக்கா?"

அவர் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். நீதிபதி அதை ஆட்டிப் பார்த்தார். உள்ளே உருண்டை கலகலத்தது. "நல்லாத்தானே இருக்கு. ஊதுங்க."

ஊதினார். காய்ந்த விசில். அறையே அதிர்ந்தது. நீதிமன்ற எழுத்தர் கையிலிருந்த கோப்பு கீழே விழுந்தது. அரசு வக்கீல் சிரித்தார்.

"அன்னிக்கு நாப்பது நிமிஷம் மழைல ஊறிச்சுங்க அம்மா. ஊறினாத்தான் அப்படி ஆகும்."

 நீதிபதி அந்த அறையில் எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். விசிலைத் தன் தண்ணீர்த் தம்ளரில் போட்டார். அதை எழுத்தர் மேசைக்கு நகர்த்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். "நாப்பது நிமிஷம் ஊறட்டும். யாரும் தொடக் கூடாது. அடுத்த வழக்கைக் கூப்பிடுங்க."

அந்த நாற்பது நிமிடம், கதவின் வாழ்க்கை ஒரு தம்ளர் தண்ணீரில் மிதந்தது. அறையில் யாரோ சுற்றுச்சுவர் தகராறு பற்றிப் பேசினார்கள். யார் காதிலும் விழவில்லை. பித்தளையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கதவின் மனைவி ஒவ்வொரு குமிழியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பெஞ்சில் எடைக்கல், "முட்டை வேகற நேரத்தை விட ஜாஸ்தியா இருக்கே" என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விசில்காரரின் மனைவி மட்டும் எடைக்கல்லின் கையில் கிள்ளினார்.

நேரமாயிற்று. நீதிபதி விசிலைத் தம்ளரிலிருந்து எடுத்து உதறினார். அதை விசில்காரரிடம் கொடுக்கவில்லை. எழுத்தரிடம் கொடுத்தார். "நீங்க ஊதுங்க. நடுவர் ஊதினா மெதுவா ஊதிட்டார்னு வக்கீல் சொல்வார்."

எழுத்தர் தயங்கித் தயங்கி வாயில் வைத்து ஊதினார்.

உஸ்.

"பலமா."

உஸ்ஸ்.

"இன்னும் பலமா."

எழுத்தர் முகம் சிவக்க ஊதினார். உருண்டை விடுபட்டது. வீறிட்ட சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு அழத் தொடங்கியது. அதைக் கேட்டு அதன் தாயும் அழுதாள். எழுத்தர் பயந்துபோய் விசிலைத் தம்ளருக்குள்ளேயே போட்டுவிட்டார்.

"முதல்ல காத்து. அப்புறம்தான் சத்தம்," என்றார் நீதிபதி. பிறகு முடிதிருத்துகிறவன் பக்கம் திரும்பினார். "நடுவர் ஊதினதும் நின்னேன்னு சொல்லியிருக்கீங்க. விசில் சத்தம் உங்க காதுல விழுந்துச்சா?"

அவன் தன் அக்காவைப் பார்த்தான். அக்கா வேறெங்கோ பார்த்தார். பிறகு, மிக மெல்ல, தலையை ஒரு முறை அசைத்தார். சொல்லு என்று.

"இல்லைங்க. திரும்பிப் பாத்தேன், அவர் கை மேல இருந்துச்சு. அதான் நின்னேன். சத்தம் கேக்கல. இதை யாரும் என்கிட்ட கேக்கல. இவர் கடைக்கு வந்தப்ப சொல்ல வந்தேன்." கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி, "நானா இருந்தாலும் கையைப் பாக்காம இருந்திருந்தா ஓடியிருப்பேன்," என்றான்.

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி சொன்னதை எடைக்கல் பிறகு பல நாள் பல பேரிடம் சொல்லிக் காட்டினார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளமாகச் சொல்வார். உள்ளபடி அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். "ஆட்டம் நின்ன பிறகு ஒருத்தன் அடிச்சா, அவன் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் குற்றவாளிதான். அதுக்கு நான் இருக்கேன். இங்க ஆட்டம் நின்னது இவருக்குத் தெரியாதுன்னு ஆயிடுச்சு. இந்த வழக்கை முடிச்சு வைக்கறேன். முரட்டு ஆட்டத்துக்கு லீக் தண்டனை கொடுக்கட்டும். லேசாக் கொடுக்க வேண்டாம்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

கதவு எழுந்து நின்றான்.  ஆறடி உயர மனிதன், கையிலிருந்த வளையத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த வளையத்தில் என்ன முகம் மறையும்?

வராந்தாவில் விசில்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். நான்கு நாளாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. முழங்கால்கூட லேசாக இருந்தது. எதிரே அக்கா வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று அவர் நிமிர்ந்தார். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நிமிர்ந்தார்.

"அண்ணே, உங்களை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

"சரிம்மா."

"ஆனா நேத்து வரைக்கும் எனக்கு ஒரு எண்ணம். என் தம்பியை ஒருத்தன் வேணும்னே இப்படிப் பண்ணிட்டான், நாம வாழற ஊர்ல அப்படி ஒருத்தன் இருக்கான்னு. அது சோத்துல மண்ணு மாதிரி இருந்துச்சு. இப்ப அது இல்ல." அந்தப் பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எலும்பு கூடிடும். டாக்டர் சொல்லிட்டாரு. அந்த எண்ணம் இருந்திருந்தா மனசு கூடியிருக்காது."

பின்னால் கதவு தயங்கித் தயங்கி வந்தான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேன் எப்ப திரும்பக் குடுப்பாங்களாம்?"

"போன்ல கேட்டேன், திங்கட்கிழமை தர்றாங்களாம் அக்கா."

"எங்க தெரு வழியாத்தானே போவ?"

"ஆமாங்க."

"கால் கூடற வரைக்கும் காலைல பிள்ளைங்களை இறக்கிட்டு வந்து இவனைக் கடையில கொண்டு வந்து விடு. சாயங்காலம் கொண்டு போய் விடு. மெதுவா ஓட்டு. மோதறது உனக்குப் பழக்கம்."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். ஊன்றுகோலில் சாய்ந்திருந்த முடிதிருத்துகிறவன், "உக்காந்தே வெட்டப் பழகிட்டேன். உன் தலையைத்தான் முதல்ல வெட்டணும், பாக்கச் சகிக்கல," என்றான். அன்றைக்கு அந்த வராந்தாவில் முதல்முதலாகச் சிரித்தது கதவின் மனைவிதான்.

லீக் கதவுக்கு ஒரு வருடம் தடை போட்டது. விசில்காரருக்கும் ஒரு வருடம், விசில் கிடையாது. கொடியைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நிற்கலாம். இரண்டையும் இருவரும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அறிக்கைப் படிவத்தை விசில்காரரின் மனைவி கடையில் புதிதாக அடித்தார். 'விசில் ஊதப்பட்டதா?' என்ற கேள்விக்குக் கீழே இன்னொரு கட்டம் சேர்த்தார். 'யார் யார் காதில் விழுந்தது?'

"இது நல்லா இருக்கு," என்றார் கணவர்.

"வீட்டுக்கும் ஒண்ணு அடிக்கப் போறேன். நான் சொல்றதும் உங்க காதுல விழுதான்னு பாக்கணும்."

லிஃப்ட் வேலைக்கு மட்டும் அவர் புது விசில் வாங்கிக்கொண்டார். உள்ளே உருண்டையே இல்லாத பிளாஸ்டிக் விசில். தண்ணீரில் போட்டு எடுத்தாலும் ஊதும். பித்தளை விசிலை வீட்டு ஆணியில் மாட்டினார். இருபத்தேழு வருடம் கழித்துக் கழுத்து வெறுமையாக இருந்தது. கொஞ்சம் குளிர்ந்தும் இருந்தது.

திங்கட்கிழமை காலை, கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் அவர் வாசலில் நின்றார். மஞ்சள் வேன் ஒன்று எதிர்ச்சாரியில் மெல்ல, மிக மெல்ல வந்து முடிதிருத்தும் கடை முன்னால் நின்றது. கதவு இறங்கி ஓடிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்தான். முதலில் ஊன்றுகோல் இறங்கியது. பிறகு கட்டுப் போட்ட கால். கடை வாசலில் அக்கா இடுப்பில் கை வைத்து நின்று, "எட்டு நிமிஷம் லேட்டு," என்றார்.

விசில்காரர் சிரித்துக்கொண்டே குழிக்குள் இறங்கினார். கால் தரையைத் தொட்டதும் பிளாஸ்டிக் விசிலை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்.

மேலே நாலாம் மாடியிலிருந்து எடைக்கல்லின் குரல் இறங்கி வந்தது. "கேக்குதுய்யா, கேக்குது. போன வாரம் செத்தவங்களுக்கும் கேட்டிருக்கும்."

விசில்காரர் மறுபடி விசிலை வாயில் வைத்தார். நிதானமாக, ஒன்றன் பின் ஒன்றாக, நாலு முறை ஊதினார்.

மேலே சத்தமே இல்லை.